கன்ஸ்மோக்: 635 எபிசோட் பார்த்துவிட்டுக் கடைசியில் ஏமாறாமல் முடிப்பது எப்படி

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 20 சீசன் ஓடிய வெஸ்டர்ன் தொடர் 'கன்ஸ்மோக்'. 1955 செப்டம்பர் 10 அன்று சி.பி.எஸ். சேனலில் தொடங்கி, 1975 மார்ச் 31 அன்று நின்றது. மொத்தம் 635 எபிசோட். கான்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியில் 1870களில் நடக்கும் கதை. ஊரின் சட்ட அதிகாரியான மார்ஷல் மேட் டிலன், டாக்டர் கேலன் ஆடம்ஸ், லாங் பிராஞ்ச் என்ற மதுக்கடையை (சலூன்) நடத்தும் மிஸ் கிட்டி, மார்ஷலுக்கு உதவியாக முதலில் செஸ்டர், பிறகு ஃபெஸ்டஸ், நியூலி என்று இத்தனை பேரோடு பழகிவிட்டு, கடைசி எபிசோடான 'தி ஷேர்கிராப்பர்ஸ்'க்கு வந்து சேர்பவருக்கு அங்கே எதுவும் வைக்கப்படவில்லை. மேட் டிலனைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கிட்டி இல்லவே இல்லை. விடைபெறுதல் என்று ஒரு வரிகூடக் கிடையாது. விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழும் ஒரு சோம்பேறிக் குடும்பம். அதன் தலைவரைத் தவறுதலாகச் சுட்டுவிட்டு, அந்த வீட்டு வயல் வேலை முழுவதையும் தன் தலையில் கட்டிக்கொள்ளும் ஃபெஸ்டஸ். அவ்வளவுதான் கதை.

அந்த எபிசோட் மோசமானது அல்ல, அது இருக்கும் இடம்தான் மோசம். அதை அங்கிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்து, தொடர் தனக்குள்ளேயே ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் முடிவுகளைச் சரியான வரிசையில் அடுக்கினால் 'கன்ஸ்மோக்' மிக நல்ல முடிவுள்ள தொடர். வரிசையை மாற்றத் தயங்க வேண்டாம். இரண்டு மூன்று பாகமாக வந்தவற்றைத் தவிர மற்ற எல்லா எபிசோடும் தனித்தனியாக முடிந்துவிடும் கதைகள். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று குலையாது.

ஏன் இப்படி முடிந்தது

காரணம் தெரிந்தால்தான் எதை நகர்த்துவது, எதை நகர்த்தக்கூடாது என்பது பிடிபடும்.

முதல் காரணம், அதுதான் கடைசி என்று படமெடுத்தவர்களுக்கே தெரியாது. 1974-75இல்கூடப் பார்வையாளர் எண்ணிக்கையில் தொடர் முதல் 30 இடங்களுக்குள் இருந்தது. இன்னும் ஒன்றிரண்டு சீசனாவது வரும் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். நிறுத்தப்பட்ட செய்தியை நடிகர்கள் தொழில் பத்திரிகைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். 1967இலும் ஒருமுறை நிறுத்துவதாக முடிவாகி, சி.பி.எஸ். தலைவர் வில்லியம் பேலி தலையிட்டதால் தொடர் தப்பியது. அதற்கு இடம் கொடுக்க 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' என்ற நகைச்சுவைத் தொடர் நிறுத்தப்பட்டது. ஒருமுறை தப்பியவர்களுக்கு இரண்டாவது தடவை வரும் என்ற எண்ணம் வராததில் வியப்பில்லை. 1975இல் யாரும் தலையிடவில்லை. பார்வையாளர்களில் வயதானவர்களும் கிராமப்புறத்தாரும் அதிகம், விளம்பரதாரர்கள் தேடியதோ நகரத்து இளைஞர்களை. திங்கள் இரவு நேரம் 'ரோடா', 'ஃபில்லிஸ்' என்ற இரண்டு நகைச்சுவைத் தொடர்களுக்குப் போனது.

இரண்டாவது, அந்தக் காலத்து வழக்கம். நீண்ட தொடருக்கு முடிவுரை எழுதுவது அப்போது அபூர்வம். 1967 ஆகஸ்டில் 'தி ஃப்யூஜிட்டிவ்' தன் கதையை முடித்துக் காட்டி நாட்டையே டிவி முன்னால் உட்கார வைத்தது. ஆனாலும் பழக்கம் மாறவில்லை. மறுஒளிபரப்புக்கு விற்கும்போது எந்த எபிசோடையும் எந்த வரிசையிலும் போடக்கூடியதாக இருக்க வேண்டும், கதை முடிந்துபோன தொடரை யார் திரும்பப் பார்ப்பார் என்பது நிலையங்களின் கணக்கு.

மூன்றாவது காரணம் மேட் டிலனாக நடித்த ஜேம்ஸ் ஆர்னஸ். இரண்டாம் உலகப்போரில், 1944இல் இத்தாலியின் ஆன்சியோவில் காலில் குண்டடி பட்டவர். நாள் ஏற ஏற அந்தக் கால் வலி கொடுக்கும் என்பதால் அவருடைய காட்சிகளை முன்னதாகவே எடுத்து முடிப்பார்கள். பிந்தைய சீசன்களில் அவருடைய படப்பிடிப்பு நாள்களே குறைந்தன. அதனால் மார்ஷல் தொடக்கத்தில் ஊரைவிட்டுக் கிளம்பி, கடைசியில் திரும்பி வரும் கதைகள் பெருகின. நடுப்பகுதியை விருந்தினர் நடிகரோ ஃபெஸ்டஸோ சுமப்பார்கள். 'தி ஷேர்கிராப்பர்ஸ்' இந்த வகையில் ஒன்று. இருபதாவது சீசனில் இப்படி இன்னும் பல உண்டு. கடைசியாக ஒளிபரப்பான பாவத்துக்கு இது மட்டும் எல்லாத் திட்டையும் வாங்குகிறது.

தொடங்குமுன் பிரதியைச் சரிபாருங்கள்

முதல் ஆறு சீசன், 233 எபிசோட், அரைமணி நேர வகை. ஏழாவது சீசனிலிருந்து (1961) வந்த 402 எபிசோட் ஒரு மணி நேர வகை. விளம்பரம் போக முந்தையது ஏறத்தாழ 25 நிமிடம், பிந்தையது ஏறத்தாழ 50 நிமிடம். கூட்டினால் சுமார் 430 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் பார்த்தால் ஒன்றேகால் வருடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பன்னிரண்டாவது சீசனிலிருந்து (1966) கலர்.

சேனல்களில் ஓடும் மறுஒளிபரப்புப் பிரதிகள் பல, விளம்பரத்துக்கு இடம் வேண்டி வெட்டப்பட்டவை. ஒரு மணி நேர எபிசோட் 45 நிமிடத்துக்கும் குறைவாக ஓடினால் எங்கோ கத்தரி விழுந்திருக்கிறது. சாதாரண எபிசோடுகளில் பெரிய நட்டமில்லை. கீழே சொல்லப்போகும் 13 எபிசோடுகளுக்கு மட்டும் முழுப் பிரதி தேடுங்கள். இவற்றில் கதையைவிட, டாக்டரும் கிட்டியும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அரை நிமிடங்கள்தான் முக்கியம். கதைக்குத் தேவையில்லை என்று வெட்டத் தோன்றுவதும் அந்த மாதிரி இடங்களைத்தான்.

அமெரிக்க டிவிடி வாங்குகிறீர்களா? அவை ரீஜன் 1 (எந்தப் பகுதியில் ஓடும் என்பதற்கான குறியீடு). இந்தியாவில் விற்கும் பிளேயர்கள் ரீஜன் 5. எல்லா ரீஜனையும் படிக்கும் பிளேயர் இல்லாவிட்டால் தட்டு சுழலும், படம் வராது. பெட்டியில் ஒவ்வொரு சீசனும் பெரும்பாலும் இரண்டு வால்யூமாகப் பிரிந்திருக்கும். கடைசி வால்யூம் மட்டும் கிடைத்ததென்று அதில் தொடங்கி விடாதீர்கள்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. அரைமணி எபிசோடுகள் அமெரிக்காவில் 'மார்ஷல் டிலன்' என்ற தலைப்பில் மறுஒளிபரப்பாயின. பிரிட்டனில் தொடரின் பெயரே 'கன் லா'. இரண்டும் புதிய தொடர்கள் அல்ல, இதேதான். வானொலியில் 1952 முதல் 1961 வரை ஓடிய 'கன்ஸ்மோக்' மட்டும் வேறு. அதில் மேட் டிலன் குரல் வில்லியம் கான்ராட்.

சப்டைட்டில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஃபெஸ்டஸ் பேசும் மலைநாட்டுக் கொச்சை, ஆங்கிலம் பழகியவர்களுக்கும் பாதி புரியாது. அவரும் டாக்டரும் சண்டை போட்டுக்கொள்ளும் இடங்களை இழப்பது பெரிய இழப்பு.

கடைசிப் பதின்மூன்று

சீசன் 1 முதல் 19 வரை எப்படி வேண்டுமானாலும் பாருங்கள். முழுவதும் பார்க்கலாம், பொறுக்கி எடுத்தும் பார்க்கலாம். பொறுக்குவதானால் கலர் சீசன்களில் மட்டும் நின்றுவிடாதீர்கள். ஜான் மெஸ்டன் எழுதிய அரைமணிக் கதைகளின் இறுக்கம் பிறகு வரவே இல்லை. 20வது சீசனுக்குள் நுழையும்போது கீழுள்ளவற்றை ஒதுக்கி வைத்துக்கொண்டு, மிச்சத்தை முதலில் முடித்துவிடுங்கள். ஏற்கெனவே பார்த்திருந்தாலும் இந்த வரிசையில் இன்னொரு முறை பார்ப்பதுதான் திட்டம். மொத்தம் பத்தரை மணி நேரம். ஒரு நாளைக்கு ஒன்று, மூன்று பாகக் கதைக்கு மட்டும் அடுத்தடுத்த மூன்று இரவுகள்.

முதலில், தொடரின் முதல் எபிசோட் 'மேட் கெட்ஸ் இட்'. முன்னுரை சொல்ல ஜான் வெய்ன் வருவார். கதையில் டான் கிராட் என்ற துப்பாக்கிக்காரன் மேட் டிலனை வேகத்தில் வென்று சுட்டு வீழ்த்துகிறான். முதல் வாரத்திலேயே நாயகன் தோற்று விழுகிறார். படுக்கையிலிருந்து எழுந்தபின் மேட் கண்டுபிடிப்பது ஒன்று: கிராட் எப்போதும் ஆளுக்கு மிக அருகே நெருங்கி வந்த பிறகுதான் சுடுகிறான். அவன் வேகம்தான் பெரிது, குறி அல்ல. மறுமுறை மேட் தூரத்திலேயே நின்றுகொள்கிறார். அவர் எங்கே நிற்கிறார், கிராட் எத்தனை எட்டு முன்னே வரப் பார்க்கிறான் என்பதைக் கவனியுங்கள். இந்த மார்ஷல் உலகிலேயே வேகமான கை கொண்டவர் அல்ல, யோசிக்கிறவர். காயம் படுவார், பயப்படுவார், திரும்ப எழுந்து அதே தெருவில் போய் நிற்பார். முடிவைத் தேடி நாம் அடுக்கும் மற்ற எல்லா எபிசோடும் இந்த ஒரு புள்ளியிலிருந்துதான் கிளைக்கின்றன. அதனால்தான் கடைசி வரிசை இங்கே தொடங்குகிறது.

இரண்டாவது 'மேனன்' (1969 ஜனவரி 20). மேட் ஊரில் இல்லாத நேரம் வில் மேனன் என்பவன் வந்து டாட்ஜையே பிடித்து உலுக்குகிறான். ஃபெஸ்டஸும் கிட்டியும் அவன் கையில் படும் பாட்டைப் பார்க்கையில், மார்ஷல் வெளியூர் போகும் கதைகளின் மறுபக்கம் தெரியும். ஸ்டீவ் ஃபாரஸ்ட் நடித்த இந்த மேனன், தொடர் நின்றபின் 1987இல் வந்த டிவி படத்தில் திரும்ப வருவான். இதைத் தாண்டிப் போனால் அந்தப் படம் பாதிதான் விளங்கும்.

மூன்றாவது 'தி பேட்ஜ்' (1970 பிப்ரவரி). மேட் இன்னொரு முறை சுடப்படுகிறார். இனி இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது என்று கிட்டி லாங் பிராஞ்சை மூடிவிட்டு டாட்ஜை விட்டே கிளம்புகிறார். இருபது ஆண்டுத் தொடரில் இவர்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லாத எல்லாமும் இங்கேதான் இருக்கிறது. கடைசி எபிசோடில் கிட்டியின் விடைபெறுதல் எங்கே என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இந்த எபிசோட்தான். அது ஐந்து ஆண்டு முன்னதாகவே வந்துவிட்டது. மேட் போவாரா, போய் என்ன சொல்வார் என்று எதிர்பார்ப்பதைவிட, டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். கிட்டியாக நடித்த அமண்டா பிளேக் பேசாமல் நடிக்கும் இடங்களில் கேமராவும் அவசரப்படாமல் நிற்கும்.

நான்காவது 'கோல்ட் ட்ரெய்ன்: தி புல்லட்', 1971 நவம்பர் 29 முதல் டிசம்பர் 13 வரை மூன்று வாரம் வந்த கதை. தொடரில் மூன்று பாகமாக வந்தது இது ஒன்றுதான். மேட் முதுகில் குண்டு பாய்ந்து தண்டுவடத்துக்கு அருகே தங்கிவிடுகிறது. எடுக்கத் தன் கை போதாது என்று டாக்டர் ஒப்புக்கொள்கிறார். டென்வருக்கு ரயிலில் கொண்டு போகிறார்கள். அதே ரயிலில் தங்கம் இருக்கிறது, அதற்காகக் கொள்ளைக் கும்பல் வருகிறது. டாக்டர், கிட்டி, ஃபெஸ்டஸ், நியூலி எல்லோரும் ஒரே பெட்டிக்குள், நடுவில் அசைய முடியாமல் படுத்திருக்கும் மேட். இந்தத் தொடரின் குடும்பத்தை முழுசாக ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான கதை இல்லை. டாக்டராக நடித்த மில்பர்ன் ஸ்டோன் அதே 1971இல் மாரடைப்பு வந்து சில எபிசோடுகளுக்கு விலகி, பேட் ஹிங்கிள் வேறொரு டாக்டராக வந்து போன சீசன் இது. அந்த நினைவோடு டாக்டரின் கைகளைப் பாருங்கள்.

மூன்று பாகத்தையும் ஒரே இரவில் பார்த்து முடிக்க ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகமும் ஒரு வாரம் காக்க வைப்பதற்காக எழுதப்பட்டது. ஒரு நாளாவது இடைவெளி இல்லாவிட்டால் ரயிலுக்குள் நடக்கும் காத்திருப்பு வெறும் இழுவையாகத் தெரியும்.

ஐந்தாவது 'மேட்ஸ் லவ் ஸ்டோரி' (1973 செப்டம்பர் 24). லெஸ் டீன் என்ற குற்றவாளியைத் துரத்திப்போன மேட் அடிபட்டு நினைவிழந்து, மைக் யார்ட்னர் என்ற விதவையின் பண்ணையில் தங்குகிறார். தன் பெயரே தெரியாத மனிதர், மார்பில் நட்சத்திரம் இல்லாத மனிதர், அங்கே காதலிக்கிறார். கிட்டியின் ரசிகர்களுக்கு இது கசக்கும். ஆனாலும் விடக்கூடாது. பிறகு 1990இல் வந்த டிவி படத்தின் வேர் இங்கே இருக்கிறது. மார்ஷல் வேலை இல்லாவிட்டால் மேட் டிலன் யார் என்று தொடர் நேராகக் கேட்ட இடமும் இதுதான்.

ஆறாவது 'தி டிசைப்பிள்' (1974 ஏப்ரல் 1), 19வது சீசனின் கடைசி எபிசோட். மேட்டின் துப்பாக்கிக் கை செயலிழக்கிறது. பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு டாட்ஜை விட்டுப் போகிறார். அமண்டா பிளேக் அந்த சீசனோடு விலகிவிட்டதால், கிட்டி நடுவில் இருந்த 'கன்ஸ்மோக்' இதோடு முடிகிறது. தொடர் தன்னை அறியாமலே எழுதிக்கொண்ட உண்மையான இறுதி எபிசோட் இது என்பது எங்கள் உறுதியான கருத்து. முதல் எபிசோடில் காயம் பட்டு எழுந்து தூரத்தில் நின்று சுட்டவருக்கு, இப்போது சுடும் கையே இல்லை. இரண்டையும் எட்டு நாளுக்குள் பார்த்தவருக்கு இந்தப் பொருத்தம் விளக்கம் இல்லாமலே புரியும்.

கிட்டி இல்லாத டாட்ஜை ஏற்க முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சில வாரம் விட்டு, நேரே 1987 படத்துக்குப் போகலாம். குறை ஒன்றுமில்லை.

20வது சீசனைக் கலைத்து அடுக்குவது

தொடர்பவர்களுக்கு 20வது சீசனில் நான்கு கதைகள், ஐந்து எபிசோட். லாங் பிராஞ்சில் இப்போது ஃபிரான் ரையன் நடிக்கும் ஹன்னா இருக்கிறார். கிட்டி எங்கே என்று யாராவது பேசுவார்கள் எனக் காத்திருக்க வேண்டாம்.

சீசன் தொடக்கமான 'மேட் டிலன் மஸ்ட் டை' முதலில். மகனை இழந்த ஒரு தகப்பனும் மற்ற மகன்களும் மேட்டைப் பிடித்து, பனியில் ஓடவிட்டு வேட்டையாடுகிறார்கள். அடுத்து இரண்டு பாகம் கொண்ட 'ஐலண்ட் இன் தி டெசர்ட்' (1974 டிசம்பர்). காயப்பட்டுப் பாலைவனத்தில் கிடக்கும் ஃபெஸ்டஸை, தங்கம் சேர்த்து வைத்திருக்கும் ஒரு தனியன் காப்பாற்றுகிறான். காப்பாற்றியது பொதி சுமக்க வைப்பதற்காக. ஸ்ட்ரோதர் மார்ட்டின் அந்தத் தனியனாக நடித்ததைப் பார்ப்பதற்காகவே இந்த சீசன் முழுவதையும் மன்னிக்கலாம். ஃபெஸ்டஸாக நடித்த கென் கர்ட்டிஸும் இதில் சிரிப்பு மூட்டுபவராக இல்லை. நீர் வற்றிய உதடும் கிறுகிறுக்கும் கண்ணுமாக, வேறொரு நடிகர் வெளியே வருகிறார்.

'தி ஷேர்கிராப்பர்ஸ்'ஐ வைக்க வேண்டிய இடம் இதற்கு அடுத்து. பாலைவனத்தில் அப்படி வதைபட்ட ஃபெஸ்டஸ், இப்போது ஏர் பிடிக்கவும் சோம்பேறிகளோடு மல்லுக்கட்டவும் வருகிறார். பொதி சுமந்த அதே முதுகு, ஆனால் இந்தத் தடவை சிரிக்கலாம். முடிவுரையாகப் பார்த்தால் எரிச்சல் மூட்டும் அதே காட்சிகள் இங்கே மூச்சு விடும் இடமாகிவிடும். விக்டர் ஃபிரெஞ்ச் நடிக்கும் டிபிள் பியூ படுத்துக்கொண்டே தப்பிக்கும் விதம் நிஜமாகவே வேடிக்கையானது. மேட் எங்கே என்று தேடாதீர்கள். இது ஃபெஸ்டஸ் கதை என்று உட்காருங்கள்.

20வது சீசனை முடித்து வைப்பது 'ஹார்ட் லேபர்' (1975 பிப்ரவரி 24). வேறொரு ஊரில் மேட் மீதே கொலைப்பழி விழுந்து, நீதிபதி அவரைச் சுரங்க வேலைக்குத் தண்டிக்கிறார். இருபது வருஷம் மற்றவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்தியவரை அதே சட்டத்தின் பெயரால் ஒருவன் வளைக்கிறான். ஆர்னஸ் நிறைய நேரம் திரையில் இருக்கிறார், அதுவே இந்த சீசனில் பெரிய விஷயம். தொடரின் கடைசிப் படிமமாக ஃபெஸ்டஸின் வயலைவிட இது நூறு மடங்கு தகும்.

இங்கே பெரும்பாலும் நடக்கும் தவறுகள்

முகக் குழப்பம். இந்தத் தொடரில் ஒரே நடிகர் பல வேடங்களில் திரும்பத் திரும்ப வருவார். 'மேட்ஸ் லவ் ஸ்டோரி'யின் கொடிய லெஸ் டீனும் 'ஷேர்கிராப்பர்ஸ்' சோம்பேறியும் ஒரே விக்டர் ஃபிரெஞ்ச். அவர் சில எபிசோடுகளை இயக்கியும் இருக்கிறார். கென் கர்ட்டிஸ் ஃபெஸ்டஸ் ஆகுமுன்பே வேறு வேடங்களில் தலைகாட்டியவர். மார்கன் வுட்வர்ட் வராத காலமே இல்லை. கெட்டவன் செத்த இரண்டு மாதத்தில் அதே முகம் பாதிரியாராக வந்தால் முன்கதை ஏதோ விட்டுப்போயிற்று என்று பின்னால் போய்த் தேட வேண்டாம்.

விடைபெறும் காட்சியைத் தேடி அலைவது இன்னொன்று. செஸ்டர் 1964இல் ஒரு வார்த்தை சொல்லாமல் மறைந்துவிடுகிறார். டென்னிஸ் வீவர் விலகியதற்குக் கதையில் காரணமே இல்லை. பர்ட் ரெனால்ட்ஸ் நடித்த க்வின்ட் ஆஸ்பரும் அப்படித்தான். பார்மேன் சாம் நூனன், நடிகர் கிளென் ஸ்ட்ரேஞ்ச் 1973இல் இறந்ததோடு இல்லாமல் போகிறார். இந்த வழக்கத்தை முன்பே மனதில் வாங்கிக்கொண்டால், கடைசி எபிசோட் ஒன்றும் சொல்லாமல் நின்றது தனிக் குற்றமாகத் தெரியாது. இந்தத் தொடர் யாரையும் முறையாக வழியனுப்பியதே இல்லை.

மூன்றாவது, களைப்பு. 400 மணி நேரத்துக்குப் பிறகு வேகத்தைக் கூட்டி, 20வது சீசனை இரண்டே வாரத்தில் தள்ளிவிட்டு முடிவுக்கு வருபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 19க்கும் 20க்கும் நடுவில் குறைந்தது ஒரு மாதம் விடுங்கள். ஒளிபரப்பிலும் கோடை விடுமுறை இருந்தது. கிட்டி இல்லாத லாங் பிராஞ்சுக்குள் நுழையும் வருத்தம் அந்த இடைவெளியில்தான் சேரும்.

பிறகு வந்த படங்கள்

ஐந்து டிவி படங்கள். முதல் இரண்டு போதும்.

'ரிட்டர்ன் டு டாட்ஜ்' (1987) பார்க்குமுன் 'மேனன்' பார்த்து மூன்று வாரமாவது ஆகியிருக்க வேண்டும். படத்துக்குள்ளேயே பழைய எபிசோட் காட்சிகள் இடையிடையே வருகின்றன. நேற்றுப் பார்த்ததை இன்று திரும்பக் காட்டினால் சலிப்பு தட்டும். கொஞ்சம் மறந்திருந்தால் அதுவே நினைவாக வந்து சேரும். மேட் இப்போது மார்ஷல் இல்லை, மலையில் வேட்டையாடி வாழ்பவர். நியூலிதான் மார்ஷல். கிட்டி வருகிறார். அதற்காகத்தான் இந்தப் படம். டாக்டர் இல்லை, மில்பர்ன் ஸ்டோன் 1980இல் இறந்துவிட்டார். சம்பளப் பேச்சு ஒத்துவராததால் கென் கர்ட்டிஸ் நடிக்கவில்லை, ஆகவே ஃபெஸ்டஸும் இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டாவில் எடுத்ததால் ஊரும் மலையும் பழைய டாட்ஜ் மாதிரி இருக்காது. முதல் பத்து நிமிடம் உறுத்தும், பிறகு பழகும்.

'தி லாஸ்ட் அப்பாச்சி' (1990) 'மேட்ஸ் லவ் ஸ்டோரி'யின் தொடர்ச்சி. மைக் யார்ட்னராக அதே மைக்கேல் லேர்னட். அந்த நாள்களில் பிறந்த மகள் ஒருத்தி இருக்கிறாள் என்பதே மேட்டுக்கு இப்போதுதான் தெரிகிறது. அமண்டா பிளேக் 1989 ஆகஸ்டில் இறந்துவிட்டதால் கிட்டி கதையில் இல்லை. இந்த இரண்டு படங்களையும் ஒரே வாரத்தில் பார்க்காதீர்கள். கிட்டியைச் சந்தித்த மேட்டும் மகளைத் தேடும் மேட்டும் ஒருவரையொருவர் கெடுத்துக்கொள்வார்கள்.

மற்ற மூன்றும் (1992, 1993, 1994) ஆர்னஸைக் குதிரைமேல் பார்த்துக்கொண்டிருக்க விரும்புபவர்களுக்கு. டாட்ஜின் கதை அவற்றில் இல்லை.

மற்ற தொடர்களுக்கு இதே முறை

'பொனான்ஸா' 14 சீசன், 1959 முதல் 1973 வரை. கடைசி எபிசோட் 'தி ஹன்டர்' (1973 ஜனவரி 16) மைக்கேல் லாண்டன் எழுதி இயக்கியது. புத்தி பேதலித்த ஒரு சிப்பாய், லாண்டனே நடித்த இளைய மகன் லிட்டில் ஜோவை வேட்டையாடுகிறான். நல்ல விறுவிறுப்பு, ஆனால் பாண்டரோசா பண்ணைக் குடும்பத்தின் முடிவு அல்ல. சீசன் நடுவிலேயே தொடரை நிறுத்திவிட்டதன் விளைவு. இங்கே நகர்த்த வேண்டியது 'ஃபாரெவர்' என்ற இரண்டு மணி நேர எபிசோட் (1972 செப்டம்பர் 12). ஜோவின் அண்ணன் ஹாஸ் ஆக நடித்த டான் பிளாக்கர் அந்த மே மாதம் இறந்தபின் வந்தது, முதலில் ஹாஸுக்காக யோசித்த கதையை ஜோவுக்கு மாற்றியது. 14வது சீசனின் மற்ற எபிசோடுகளை முன்னே பார்த்துவிட்டு இதைக் கடைசியில் வையுங்கள். துக்கம் உண்மையான துக்கம், நடிப்பு என்று பிரித்துப் பார்க்க முடியாது.

'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரேரி'யில் சிக்கல் நேர்மாறு. அதற்குச் சரியான முடிவு இருக்கிறது: 'தி லாஸ்ட் ஃபேர்வெல்' (1984 பிப்ரவரி 6). ஊர் நிலம் வேறொருவனுக்குச் சொந்தம் என்று ஆனதும், வால்நட் குரோவ் மக்கள் தாங்கள் கட்டிய வீடுகளைத் தாங்களே வெடி வைத்துத் தகர்க்கிறார்கள். படப்பிடிப்பு நிலத்தை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தம் இருந்தது. எப்படியும் இடிக்க வேண்டிய செட்டை, இந்தத் தொடரின் நாயகனுமான மைக்கேல் லாண்டன் கதைக்குள்ளேயே இடித்தார். தேவாலயமும் அந்தச் சின்ன வீடும் மட்டும் தப்பின. சிக்கல் என்னவென்றால், 'பிளெஸ் ஆல் தி டியர் சில்ட்ரன்' என்ற கிறிஸ்துமஸ் படம் அதே 1984 டிசம்பரில், இதற்குப் பின் ஒளிபரப்பானது. தேதி வரிசையில் அடுக்கினால் இடிந்துபோன ஊர் பத்து மாதம் கழித்து முழுசாக எழுந்து நின்று கிறிஸ்துமஸ் கொண்டாடும். பட்டியலில் அதை 'தி லாஸ்ட் ஃபேர்வெல்'லுக்கு முன்னால் ஏற்றிவிட்டு, வெடிச் சத்தத்தோடு நிறுத்துங்கள்.